நாலு லிட்டர்

அந்த என்ஜினைத் திறக்கப்போகும் நாளுக்காகத் தம்பி ஒன்பது வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான். திறந்த அன்று அவன் பக்கத்தில் இல்லை. கேஸ்கெட் செட் வாங்கிவர அவனை அனுப்பிவைத்தவர் அவனுடைய அண்ணன்தான்.

அண்ணனுக்கு அந்த வட்டாரத்தில் மேஸ்திரி என்று பெயர். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாரென்றால், எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்ற பட்டறைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் வண்டிகள் கடைசியில் இங்கேதான் வரும். இவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சொல்வதில் அவருக்கு ஒரு ருசியும் இருந்தது. மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டே, நாலு பேர் காதில் விழும்படி சொல்வார்.

இன்னொரு பெருமையும் உண்டு. அவர் கைபட்டு மூடிய என்ஜினில் ஒரு சொட்டு ஆயில் கசியாது. இரண்டு இரும்பு சேரும் இடத்தில் தடவும் சாம்பல் நிறப் பசையை மற்றவர்கள் நூல் மாதிரி இழுப்பார்கள். மேஸ்திரி விரலால் வழித்து அப்புவார். "என்னண்ணா, சுவருக்குப் பூசுறியா?" என்று தம்பி கிண்டல் பண்ணுவான். "கசியுதான்னு பாருடா" என்பார். கசியாது. 

இது தம்பி ஸ்பேனர் பிடித்த காலத்துக் கதை. இப்போது அவன் பட்டறை வாசலில் கார் கழுவுகிறான். உள்ளே கழற்றிப்போடும் கறுப்பேறிய பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்கிறான். எந்த நட்டையும் திருக அவனுக்கு அனுமதி இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாத்தியார் ஒருவர் தன் காரை ஆயில் மாற்றச் சொல்லி விட்டுப்போனார். மேஸ்திரி அதைத் தம்பி தலையில் கட்டினார். தம்பி பழைய ஆயிலை வடித்தான், அடியிலிருக்கும் போல்ட்டை முடுக்கினான், சீல் வைத்த நாலு லிட்டர் டப்பாவை உடைத்து முழுசையும் கவிழ்த்தான், வண்டியைத் துடைத்து அனுப்பினான். மூன்றாம் நாள் வாத்தியார் நடுரோட்டில் நின்றார். என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. ஆயில் போகாவிட்டால் எரியவேண்டிய சிவப்பு விளக்கு அந்தக் காரில் எப்போதோ ஃப்யூஸ் போயிருந்ததால் அவருக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியவில்லை. கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். மேஸ்திரி பானெட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடியும் விட்டு உருவினார். நுனியில் ஈரமே இல்லை. அதை வாத்தியாரிடம் காட்டினார். பக்கத்துக் கொட்டகையில் ஒடுக்கெடுக்கும் டிங்கரிடம் காட்டினார். வழி கேட்க வந்த யாரோ ஒருவரிடம்கூடக் காட்டினார். கடைசியாகத்தான் தம்பியிடம் காட்டினார்.

"பழசை வடிச்சிருக்க. புதுசை ஊத்த மறந்திருக்க."

"ஊத்தினேண்ணா. டப்பா முழுசையும் கவிழ்த்தேன்."

"குச்சி பார்த்தியா?"

அவன் பார்க்கவில்லை. நாலு லிட்டர் பிடிக்கும் என்ஜினில் நாலு லிட்டர் டப்பாவைக் கவிழ்த்தவனுக்குக் குச்சி எதற்கு என்பது அவனுடைய நியாயம். காலி டப்பாவைத் தேடி எடுத்துவந்து காட்டினான். அது எந்த வண்டிக்குத் திறந்த டப்பாவோ என்று மேஸ்திரி ஒதுக்கிவிட்டார். என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சட்டியை இப்போதே கழற்றிப் பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் கெஞ்சினான். காய்ந்து கிடப்பதைக் கழற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். வாத்தியாருக்கு வேறு கார் வாங்கும் எண்ணம் முன்பே இருந்தது. இதைத் தன் வீட்டுக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்.

அன்று சாயங்காலமே தம்பியின் சிவப்புத் தகரப் பெட்டி, உள்ளேயிருந்த ஸ்பேனர்களோடு, மேஸ்திரியின் இரும்பு அலமாரிக்குள் போய்விட்டது. தப்பு செய்தது பெரிசில்லை, மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, சாவியைத் தருகிறேன் என்றார். ஒரே ஒரு வார்த்தை. தம்பி சொல்லவில்லை. சொல்லாதவன் கார் கழுவட்டும் என்றார். வேறு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தான். அவன் போவதற்கு முன்னால் மேஸ்திரியின் தீர்ப்பு அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. திரும்பி வந்து ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தான்.

டிங்கர் அவனுக்கு 'மறதி' என்று பெயர் வைத்தார். இந்த மாதிரிப் பெயர்கள் எல்லாம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். வண்டி கழுவ வருகிறவர்கள்கூட "மறதி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஆனால் தம்பி அந்தப் பெயருக்கு ஒருநாளும் திரும்பியதில்லை. "மறதி, அந்த பைப்பை இழு" என்று டிங்கர் தொண்டை கிழியக் கத்தினாலும் செவிடன் மாதிரி பக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். கத்தி அலுத்துப்போய் "தம்பி" என்று கூப்பிட்ட பிறகுதான் "என்ன?" என்பான். ஒன்பது வருஷமும் இந்தக் கூத்து தினப்படி நடந்தது.

இரண்டாம் வருஷம் அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மெக்கானிக்குக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன், சோப்பு நுரைக்கு இல்லை, என்றைக்கு ஸ்பேனரைப் பிடிக்கிறாயோ அன்றைக்கு வந்து கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன்கிட்ட ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று அவளும் கேட்டாள். ஐந்தாம் வருஷம் அம்மா படுக்கையில் கிடந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒத்துக்கடா, நான் நிம்மதியாப் போறேன்" என்றாள். "ஊத்தினேம்மா" என்றான். அவள் நிம்மதியில்லாமல்தான் போனாள்.

அந்தக் குடும்பத்திலேயே அவன் பக்கம் நின்றவள் அண்ணி ஒருத்திதான். அவன் ஊற்றினேன் என்றால் ஊற்றியிருப்பான் என்று சாப்பாடு போடும்போதெல்லாம் சொல்வாள். என்ஜினைப் பற்றி உனக்கு என்னடி தெரியும் என்று மேஸ்திரி சீறுவார். "என்ஜினைத் தெரியாது, அவனைத் தெரியும்" என்பாள். மேஸ்திரி சோற்றைப் பிசைவதில் மும்முரமாகிவிடுவார்.

இப்படி இருக்கையில் வாத்தியார் காலமானார். அப்பா ஓட்டிய வண்டி, அதே என்ஜினோடு ஓடவேண்டும் என்று மகன் ஆசைப்பட்டார். தார்ப்பாயை உருவி, வண்டியை லாரியில் ஏற்றி, நேரே மேஸ்திரியிடம் கொண்டுவந்து இறக்கினார். வண்டியைப் பார்த்ததும் தம்பி கையிலிருந்த பைப்பைக் கீழே போட்டான். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி என்ஜினைத் தூக்கிச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டார். டிங்கரும் வாத்தியார் மகனும் சுற்றி நின்றார்கள். பழைய ருசி விடுமா? குச்சியை உருவி, துடைத்து, விட்டு உருவிக் காட்டினார். நுனி காய்ந்துதான் இருந்தது.

"குச்சியை விடுண்ணா" என்றான் தம்பி. "சட்டியைத் திற. நான் பக்கத்துல இருக்கும்போது திற. காஞ்சு கிடந்தா நான் மறந்தவன்தான். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிறேன்."

ஈரமாக இருந்தால் என்ன என்று மேஸ்திரி கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. சரி, நீ இருக்கும்போதே திறக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலையில், என்ஜினைத் திரும்பப் பூட்டும்போது இரும்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் செட் வாங்க அவனை அனுப்பினார். கடை ஊரின் அடுத்த கோடியில். இரண்டு பஸ் மாறவேண்டும். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். பாவம், காய்ந்த சட்டியைப் பார்த்து எல்லோர் முன்னாலும் அவன் முகம் செத்துப்போகவேண்டாம். முதலில் நாம் பார்ப்போம், பிறகு தனியாகக் கூப்பிட்டுக் காட்டுவோம். நல்ல மனசுதான். வாக்கை மீறுகிற எல்லோருக்கும் அந்த நேரத்தில் இப்படி ஒரு நல்ல மனசு வந்து வாய்க்கும்.

என்ஜினுக்கு அடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காய்ந்த என்ஜின்தானே என்று கீழே தட்டுகூட வைக்கவில்லை. முப்பது வருஷத்தில் தட்டு வைக்காமல் அவர் ஒரு சட்டியையும் கழற்றியதில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் எடுத்தும் சட்டி விழவில்லை. பசை அப்படி. தன் வேலையை மெச்சிக்கொண்டே, ஒரு மூலையில் உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினார்.

மூலை பிளந்தது. ஆயில் அவர் மணிக்கட்டில் வழிந்து, முழங்கை வரைக்கும் ஓடி, மடியில் கொட்டி, தரையில் பரவியது.

ஒரு நிமிஷம் அவருக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. பிறகு பாய்ந்து, பக்கத்தில் கிடந்த இரும்பு பேசினை இழுத்து வைத்தார். சட்டியைத் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்கினார். கை கனத்தது. உள்ளே ஆயில் தளும்பிக்கொண்டிருந்தது. ஓடித் தேய்ந்த கறுப்பு ஆயில் இல்லை; மூன்றே நாள் ஓடிய ஆயில், தேன் நிறம் மாறாமல் இருந்தது. இரும்புத் துகள் லேசாக மின்னியது. ஒன்பது வருஷமாக ஒரு சொட்டுக் கசியவிடாமல் அவருடைய பசையே அதைக் காத்து வைத்திருந்தது. பேசினில் இருந்ததை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தார். மூன்றரை. தரையில் போனதைச் சேர்த்தால் நாலு லிட்டர்.

அப்படியானால் என்ஜின் ஏன் இறுகியது? அண்ணாந்து பார்த்தார். சட்டிக்கு உள்ளே முங்கி நின்று ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அந்தச் சல்லடைக் கண் முழுக்க, மென்று துப்பியதுபோல் சாம்பல் நிறத் துணுக்குகள் அடைத்திருந்தன. பசை. விளிம்புக்கு உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உடைந்து விழுந்த பசை. நாலு லிட்டரும் சட்டியில் இருந்தது. மேலே ஏற வழியில்லை. பட்டினி கிடந்து செத்திருக்கிறது என்ஜின், சோற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு.

குச்சியை எடுத்துவந்து சட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல்கடை குட்டை; ஆயில் நிரம்பியிருந்தாலும் நுனி அதைத் தொடாது. அதன் தலையில் செம்புக் கம்பியால் ஒரு கட்டுப் போட்டிருந்தது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, வாலை உள்ளே மடிப்பது. அந்தக் கட்டை அந்த ஊரில் ஒரே ஒருவர்தான் போடுவார்.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. தம்பி ஆயில் மாற்றியதற்கு ஒரு மாதம் முன்னால், இதே கார் அடியில் கசிவு என்று வந்தது. சட்டியை இறக்கிப் பசை அப்பி மூடி, வடித்த ஆயிலையே திரும்ப ஊற்றியவர் அவர். பழைய குச்சி அவர் கையில் ஒடிந்தது. பழைய சாமான் டப்பாவில் கிடந்த வேறு வண்டியின் குச்சியைச் சொருகி, ஆடாமல் இருக்கக் கம்பியால் கட்டி, நாளைக்குச் சரியானதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டார். மறுநாள் அவருக்கு அது மறந்துபோனது. மறந்தது அவர்தான்.

எழுந்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அவருடைய கால்கள் முதலில் வாசலுக்குத்தான் போயின. தம்பி வரும் வழியில் நின்று, அவன் தோளைப் பிடித்து, வாடா வந்து பார் என்று சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பினார். வாசலில் அவனுடைய பக்கெட் கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் துணி மடித்துப் போட்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார். ஒருநாள் தப்பென்றால் ஒத்துக்கொள்ளலாம். இது ஒன்பது வருஷம். அந்த வீட்டிலிருந்து போன பெண், வளர்ந்து முகம் மறந்த குழந்தை, நிம்மதியில்லாமல் போன அம்மா, மற்ற பட்டறைகளில் அவர் நாலு பேர் கேட்க உதிர்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றையெல்லாம் அவர் தலையில் ஏற்றிக்கொண்டு நடமாட முடியாது. தம்பி ஒன்பது வருஷமாகச் சுமக்கிறான், அவனுக்குப் பழகிவிட்டது. இப்படி நினைத்ததும் அவருக்கே உடம்பு கூசியது. கூசினாலும் திரும்பி உள்ளே போனார்.

அவனுக்கு வேண்டியது பெட்டிதானே, கொடுத்துவிடுவோம், உண்மையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப்போகிறான் என்று முடிவு கட்டினார்.  

பேசினைத் தூக்கிப்போய் பழைய ஆயில் டிரம்மில் கவிழ்த்தார். கறுப்புக்கு மேல் தேன் நிறம் ஒரு வட்டமாக மிதந்தது. கம்பியை விட்டு நாலு சுற்றுக் கிண்டினார், காணாமல் போயிற்று. சல்லடையை ஊசியால் நோண்டிக் கண்ணுக்குக் கண் சுத்தம் செய்தார். குச்சியின் செம்புக் கட்டைப் பிரித்துக் குச்சியைக் குப்பை இரும்போடு எறிந்தார். பிறகு சட்டி. அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, டிரம்மின் அடியிலிருந்து வழித்த கறுப்பு வண்டலை உள்ளே பூசி, துணியால் ஒற்றியெடுத்து, ஊதுவிளக்கின் நெருப்பில் காட்டினார். பொரிந்து, காய்ந்து, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி ஆயிற்று. அலமாரியின் மேலிருந்த தூசியை எடுத்து விரல் நுனியால் தூவினார். ஆயிலே காணாத சட்டி ஒன்பது வருஷம் கழித்து எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நுணுக்கமாக ஒரு வேலை செய்ததில்லை. தரையில் மட்டும் ஆயில் இருந்தது. அதன்மேல் மரத்தூளை மூட்டையோடு கவிழ்த்தார். வேட்டியை மாற்றிக்கொண்டு கை கழுவினார்.

தம்பி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். பஸ்ஸுக்கு நிற்காமல் பைக்கில் வந்த யாரோ ஒருவரிடம் கெஞ்சி ஏறி வந்திருந்தான். கேஸ்கெட் செட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது மரத்தூள்.

"என்னண்ணா கொட்டிச்சு?"

"புது டப்பா. கை தவறிடுச்சு."

"உனக்கா?" என்று அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகுதான் தொங்கும் என்ஜினில் சட்டி இல்லாததைக் கவனித்தான். நான் வரும்வரை இரு என்றேனே என்று மட்டும் சொன்னான். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அதைவிட அவசரம் இருந்தது. மேஸ்திரி மேஜையைக் காட்டினார். சட்டி அங்கே இருந்தது, நீ வருவதற்காக அப்படியே வைத்திருக்கிறேன் என்றார்.

தம்பி குனிந்து பார்த்தான். விரலை விட்டு அடியில் தேய்த்தான். விரல் நுனியில் கரி ஒட்டியது. முகர்ந்தான். வடிக்கும் போல்ட்டைத் தொட்டுத் திருகிப் பார்த்தான். அது இறுக்கமாக இருந்தது. வழியில் ஒழுகிப்போயிருக்கும் என்று சொல்லவும் இடமில்லை. இன்னொரு தடவை விரலை விட்டான். பக்கத்துக் கொட்டகையில் டிங்கரின் சுத்தியல் தட்டிக்கொண்டேயிருந்தது. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். காலையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்த அதே முக்காலி.

"கவிழ்த்த சத்தம் இன்னும் காதுல இருக்குண்ணா" என்றான். "கடைசிச் சொட்டு விழற வரைக்கும் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். தினம் நினைச்சுப் பார்ப்பேன். எந்த வண்டியில கவிழ்த்தேனோ."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"மறந்துட்டேண்ணா."

அந்த ஒரு வார்த்தை. ஒன்பது வருஷமாகக் கேட்டது கையில் வந்து விழுந்தபோது மேஸ்திரிக்கு ஒரு கணம் இனிக்கவும் செய்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? பொய் என்று தெரிந்தும் இனித்தது. "விடுடா" என்றார். நான் எப்பவோ மன்னிச்சாச்சு என்றும் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிக்கொண்டான்.

மேஸ்திரி சட்டென்று அலமாரியைத் திறந்து சிவப்புப் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தார். இந்த என்ஜினை நீயே பூட்டு, நாளைக்குப் போய் உன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவா, நானும் கூட வருகிறேன் என்று படபடவென்று பேசினார். அவ்வளவு வேகமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. தம்பி மூடியைத் திறந்தான். ஸ்பேனர்கள் அளவு வரிசையில் அப்படியே இருந்தன, லேசாகத் துரு பிடித்து. ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. மூடியைச் சாத்திப் பெட்டியை மேஜைமேல் வைத்தான்.

"வேண்டாம்ணா."

"ஏன்டா?"

"ஊத்தினேன்னு சத்தியமா நம்பினேனே. நாளைக்கு ஒருத்தன் என்னை நம்பி பிரேக்கைக் கொடுப்பான். முடுக்கிட்டேன்னு இதே மாதிரிதான் நினைச்சுக்கிட்டிருப்பேன்." அவன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை வெச்சுக்கிட்டு அவளை எப்படிக் கூப்பிடுறது? சாகப்போற அம்மாகிட்டயே பொய் சொல்லியிருக்கேன்."

ஒன்பது வருஷம் அவனை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த நாலு லிட்டர்தான் என்று மேஸ்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. சோப்பு நுரையிலும், கேலியிலும், ஆளில்லாத வீட்டிலும் அவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். அதைத்தான் இவர் டிரம்மில் ஊற்றிக் கிண்டினார். இப்போது ஒரு வார்த்தை சொல்லவேண்டியது இவர் முறை. அவனிடம் கேட்டதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை, அதே வார்த்தைதான். மேஸ்திரி வாயைத் திறந்தார்.

"சரி, அந்த மரத்தூளைக் கூட்டி அள்ளு" என்றார். "யாராவது வழுக்கி விழப்போறாங்க."

தம்பி எழுந்து துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துவந்தான். குந்தி உட்கார்ந்து ஓரத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தான். மேல் தூள் உலர்ந்திருந்தது. அடியில் ஊறி, தேன் நிறத்தில் கட்டிகட்டியாக வந்தது. ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்தான். விரலிடுக்கில் வழிந்ததை வெளிச்சத்தில் பிடித்தான். மேஸ்திரி ஓரடி முன்னால் வந்தார்.

"நல்ல ஆயில்ணா" என்றான். "வீணாப் போச்சு."

கட்டியை முறத்தில் போட்டு, கையைத் தூளில் துடைத்துக்கொண்டு, மிச்சத்தையும் ஒரு துளி விடாமல் அள்ளினான். அண்ணன் சொல்லாமலே முக்காலிக்கு அடியிலும் கூட்டினான். தரை சுத்தமாயிற்று. முறத்தைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குழிக்கு நடந்தான்.

அவன் பாதி வழியில் இருக்கும்போது டிங்கர் சுத்தியலை நிறுத்திவிட்டு வழக்கம்போல் குரல் கொடுத்தார். "மறதி, அந்த பைப்பை இப்படி இழு."

தம்பி நின்றான். திரும்பினான்.

"இதோ வரேன்" என்றான்.

கூப்பிட்ட டிங்கரே திகைத்துப்போய், பைப் எதற்குக் கேட்டோம் என்பது நினைவில்லாமல் சுத்தியலோடு நின்றார். உள்ளே மேஸ்திரி சட்டியைத் திருப்பிப்போட்டு, விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்ட ஆரம்பித்தார்.